தொடப்படாத தூண்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். ஆமாம், நானேதான், என் கையாலேயே. எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது சரிந்து இறங்குகிறது. சுரங்கத்தில் இருபது வருஷம் துளைக்கும் இயந்திரத்தைப் பிடித்து அதிர்ந்த கை, பேனாவையும் அப்படியே அழுத்திப் பிடிக்கிறது. நேற்றிலிருந்து மூன்று தாள் கிழிந்துவிட்டது. "எழுபத்தொரு வயசுல பேனா பிடிச்சாலும் பிடிச்சாரு, சாப்பிடக் கூப்பிட்டா காதுலயே விழல" என்று உங்கள் அத்தை திட்டுகிறாள்.

நூலகத்தில் எங்களுக்குப் பாடம் சொல்லும் அம்மா, "தாத்தா, உங்க 'அ'வைப் பார்த்தா அதுக்கே மூச்சு வாங்குற மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். இப்போது நான் எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். போன வாரம் பல் டாக்டர் வாசலில் நின்று பலகையைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை நோயாளி என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

முதல் கடிதத்தில் இப்படிப்பட்ட கதைகளை மட்டும் எழுத ஆசைப்பட்டேன். ஆனால் பயத்தோடு எழுதுகிறேன், மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மலையிறங்கி வந்து போனில் பேசியபோது, நீங்கள் மறுபடி திறக்கும் எங்கள் பழைய ஈயச் சுரங்கத்தில் மூன்றாம் தளம் வரைக்கும் தண்ணீரை இறைத்துவிட்டோம், வெள்ளிக்கிழமை கடைசித் தூணில் முதல் துளை போடுகிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். "தூணு லேசா வேர்க்குது மாமா, அதுக்கும் வெயில் தாங்கல போல" என்று வேறு சிரித்தீர்கள். அந்த இடம் சரியில்லை, வேண்டாம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. காரணம் கேட்டீர்கள். பழைய சுரங்கமாச்சே என்று மழுப்பினேன். "வரைபடத்துலயே தொடப்படாத தூணுன்னு போட்டிருக்கு மாமா, கடைசியா அங்க வேலை பார்த்த ஆளோட கைநாட்டே இருக்கு. படம் அனுப்புறேன், இப்பதான் உங்களுக்குப் படிக்கத் தெரியுமே" என்றீர்கள்.

படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க அரை மணி நேரம் ஆயிற்று. "இத்தூண் இருபதடி தடிப்புள்ளது, தொடப்படவில்லை என உறுதி கூறுகிறேன்." அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை, குறுக்கே ஒரு வெட்டுத் தழும்போடு.

அது என் விரல், மாப்பிள்ளை.

சுரங்கத்தை மூடிய அன்று மேஸ்திரி ஒரு தாளை நீட்டி, வேலையிலிருந்து விடுவித்த தாள், கைநாட்டு வை என்றார். வைத்தேன். நான் உறுதி சொன்னதாக எழுதியிருந்ததை முப்பத்தைந்து வருஷம் கழித்து இப்போதுதான் படிக்கிறேன்.

அந்தத் தூண் அங்கே இல்லை. கடைசி வருஷம் வேறு எங்கும் ஈயம் தேறவில்லை. மலையைத் தாங்க விட்டுவைத்திருந்த தூணில்தான் நல்ல கல் இருந்தது. விடுமுறை நாட்களில் மேஸ்திரி எங்கள் நாலு பேரை இறக்கி அதைக் குடைய வைத்தார். குடைந்து குடைந்து அந்தப் பக்கத்துப் பழைய குழிவரை போய்விட்டோம். ஆய்வாளர் வருகிறார் என்றதும் உடைகல்லை அடுக்கி, சிமெண்டில் பாறைத்தூளைக் கலந்து பூசினோம். ஒரு முழத் தடிப்புகூட இருக்காது. பூசியவன் நான். ஆய்வாளர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். பாறை மாதிரியே பூசினாய் என்று அன்றைக்கு என் முதுகைத் தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நூலகத்தில் ஒரு புத்தகம் படித்தேன். மலை என்றைக்கோ விரிசல் விட்டதாம். அடியிலிருந்து கொதிநீர் ஏறி வந்து அந்த விரிசலில் வெள்ளைக்கல்லையும் ஈயத்தையும் படிய வைத்ததாம். தண்ணீர் கொண்டுவந்து வைத்ததை நாங்கள் எடுத்தோம். எடுத்த இடத்தில் இப்போது தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கிறது, மேலே இரண்டாம் தளம் வரைக்கும். நீங்கள் இந்தப் பக்கம் இறைத்துவிட்டீர்கள். அந்தப் பக்கத்துக் குழியில் அப்படியே என் பூச்சுச் சுவரை முட்டி நிற்கிறது. பாறை வேர்க்காது, மாப்பிள்ளை. இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் சொட்டினால்கூட எழுந்து போய் மூடுகிறேன்.

என்னை நம்ப வேண்டாம். தூரத்தில் நின்று விளக்கை அடித்துப் பாருங்கள். வெள்ளைக்கல் நரம்பு கூரையில் தெரியும், தரையில் தெரியும், நடுவில் சுவரில் மட்டும் இருக்காது. எந்த மலையும் தன் நரம்பைப் பாதியில் அறுத்துக்கொள்ளாது. இடது பக்கம் கீழே என் உடைந்த துளைக்கம்பி ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொடாதீர்கள். பார்த்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுங்கள். பிறகு இரண்டாம் தளத்திலிருந்து அந்தப் பக்கத்துக் குழியின் தண்ணீரை இறையுங்கள்.

மேலே உங்களுக்குப் போன் எடுக்காது என்பதால், உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றி வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை உங்கள் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். "பெருசு, நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா" என்று கோபித்துக்கொண்டார். உங்கள் அதிகாரி வரைபடத்தைத்தான் நம்புவேன் என்றால் இந்தத் தாளைக் காட்டுங்கள். கீழே கையெழுத்து போட்டு, பக்கத்தில் கைநாட்டும் வைத்திருக்கிறேன். இரண்டு ரேகையையும் தழும்பையும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்மேல் வழக்கு வந்தால் வரட்டும். மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, நீங்கள் அவளோடு பேச வேண்டும்.

நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நான் அடுத்த வாரமும் எழுதுவேன், இதைவிட நேரான வரியில். அதைப் பிரித்துப் படித்து என் பிழைகளைச் சொல்லிச் சிரிக்க நீங்கள் இருக்க வேண்டும், மாப்பிள்ளை. இருங்கள்.

இப்படிக்கு,
பெயரைத் தானே எழுதக் கற்ற
உங்கள் மாமா