பொட்டு வைத்த ஆக்சில்

சின்னமனூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள சுபாஸ்ரீ,

இல்லை பாப்பா, லாரி இன்னும் ஜாக்கிக் கட்டை மேல்தான் நிற்கிறது. எல்லாம் ஆச்சு, திங்கட்கிழமை ஓடும் என்று வெள்ளிக்கிழமை போனில் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். மற்றபடி நாங்கள் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடி. பூனாவில் மழை விட்டதா, உன் இருமலும் அதோடு போனதா? லாரி விஷயத்தைப் போனில் சொன்னால் நீ உடனே அப்பாவிடம் சண்டைக்குப் போவாய். அதனால் எழுதுகிறேன்.

குமுளி மலையில் பின் ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங் வளைந்தது உனக்குத் தெரியும். தேனியில் பழைய இரும்பு யார்டில் அதே மாடல் ஒன்றை அப்பா பார்த்து வைத்திருந்தார், பெயின்ட் அடித்துப் புதுசுபோல. மெக்கானிக் மொக்கைச்சாமி அண்ணன் தான் வந்து அங்கேயே திறந்து பார்க்கும்வரை எடுக்க வேண்டாம் என்றிருந்தார். அவருக்கு ஒழிந்தது சனிக்கிழமை. சனிக்கிழமை இரும்பை வாசலுக்குக் கொண்டு வருவதா? அதுவும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு. வெள்ளிக்கிழமையே விளக்கு வைக்கும் முன்னால் இறக்கிவிடுங்கள் என்று சொன்னது நான். அவசரம் என்னுடையது. இறக்கியதும் ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தில் உள்ளங்கை அகலம் பெயின்ட்டைச் சுரண்டச் சொல்லி, குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்தேன்.

மறுநாள் அண்ணன் வந்து பார்த்ததும், பொட்டு வச்சுப் பூ முடிச்சுப்புட்டு இப்பத்தான் பொண்ணு பாக்கக் கூப்புடுறீகளா தங்கச்சி என்றார். அப்பா சிரித்தார். பிறகு வேலை. ஆயிலை வடித்து அதில் காந்தம் விட்டு எடுத்தார், இரும்புத்தூள் இல்லை. உள்ளே கிரவுன் சக்கரத்தில் பல் உடையவில்லை. பேரிங்கில் சத்தம் இல்லை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஆக்சிலின் முன்முனை எத்தனை சுற்று என்று சாக்பீஸ் கோடு போட்டு என்னை எண்ணச் சொன்னார், நம் பழசோடு ஒத்துப்போனது. ஒவ்வொன்றுக்கும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைசியாக அண்ணன் டீசல் துணியால் பொட்டைத் துடைத்தார். போய்விட்டது. ஒரு கோடு மட்டும் போகவில்லை. முடி மாதிரி, சிவப்பாக. மறுபடி துடைத்தார். அப்படியே இருந்தது.

விரிசல். குங்குமம் உள்ள எறங்கியிருக்கு தாயி என்றார். சிரிக்கவில்லை.

அப்பா வெல்டு வைத்து மாட்டிவிடலாம் என்றார். வெல்டு வச்சா ஓடும் மச்சான், எம்புட்டுத் தூரம்னு என்னையக் கேக்காதீக, குட்டிக்கானம் எறக்கத்துல அதுவே சொல்லும் என்று அண்ணன் ஸ்பேனர்களை எடுத்து வைத்தார். அப்பாவையும் குறை சொல்ல முடியாது. ஓடைப்பட்டி செல்வமணிக்குப் பதினோரு வருடமாகத் திராட்சை லோடு. ஒரு நடை விட்டால் அடுத்த வண்டிக்காரன் நுழைந்துவிடுவான். நேற்றிலிருந்து வெல்டு என்ற சொல்லைத் தவிர அவரிடம் வேறு பேச்சில்லை. நாளை காலை வெல்டருக்கும் சொல்லிவிட்டார்.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொட்டை நாலு விரல் தள்ளி வைத்திருந்தால்? சாமி காட்டிக்கொடுத்தது என்கிறாள் எதிர்வீட்டு ஜக்கம்மா. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. திறந்து பார்க்காமல் கொண்டுவர வைத்ததும் அந்தச் சாமியிடம் எனக்கிருந்த பயம்தானே. பயப்பட வேண்டிய இடம் எது என்று இவ்வளவு நாள் கழித்து யோசிக்கிறேன்.

நீ வாங்கப்போகும் பழைய ஸ்கூட்டரை ஆள் வைத்துப் பார்த்துவிட்டு எடு. நாள் பார்ப்பது அப்புறம். இருமலுக்கு மிளகு போட்டுக் குடி. வேலையிலும் உடம்பிலும் ஒரு குறையில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வண்டி விஷயத்தை அப்பா சொல்லும்வரை தெரியாததுபோல் இரு.

உன் அம்மா,
உமாதேவி

தெரியாததுபோல் இரு என்ற கடைசி வரியை விட்டுவிடு. கையெழுத்துப் போட்டதும், அப்பா பக்கத்தில் நிற்கும்போதே செல்வமணிக்குப் போன் செய்து, நாளைக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.