88269க்கு அடுத்த கோடு

3.3.2005

பானு முழுகாமல் இருக்கிறாளாம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆபீசில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். எனக்கு மட்டும் இரண்டு. எதற்கு இரண்டு? பாவம் பார்த்தா?

எனக்கும் அவருக்கும் இது ஏழாவது வருஷம்.

4.3.2005

இன்று முழுக்கப் பனிக்குட நீர் பில்கள். அமெரிக்காவில் ஒரு லேப்; கர்ப்பிணி வயிற்றில் ஊசி போட்டு எடுத்த நீரை அங்கே சோதிப்பார்கள். இன்ஷூரன்ஸில் பணம் வாங்க ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு எண் உண்டு. அதைத்தான் கோடு என்போம். கோவில்பட்டியில் ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. குரோமோசோம் பார்த்தால் 88269. நீரில் புரதம் பார்த்தால் 82106. அதையே 82105 என்று போட்டால் ரத்தச் சோதனை ஆகிவிடும், பில் திரும்பி வரும். எனக்கு ஒன்றுகூட அப்படித் திரும்பியதில்லை.

ஊரார் வயிற்றுக்கெல்லாம் எண் போடுகிறேன்.

11.3.2005

பானுவுக்கு மாங்காய் ஆசையாம். மேனேஜர் செல்வகணேஷ் சாரே ஆள் அனுப்பி வாங்கித் தருகிறார். போன மாதம் காய்ச்சலுக்கு அரை நாள் லீவு கேட்டபோது என்னிடம் முகத்தைத் தூக்கினாரே, அதே சார்தான்.

25.3.2005

கழுகுமலைத் திருவிழாவில் பானுவைப் புருஷனோடு பார்த்தோம். அவள் செருப்பை அவன் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். என் மாமியார் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பஸ்ஸில் என் வீட்டுக்காரரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவர் என்ன செய்வார்.

5.4.2005

பானு அழுதுகொண்டே வந்தாள். ஸ்கேனில் பிள்ளைக்குக் கழுத்துப் பக்கம் தோல் தடிப்பாகத் தெரிகிறதாம்; குரோமோசோம் கோளாறாக இருக்கலாமாம். மதுரைக்குப் போய் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

முதலில் எனக்கு என்ன தோன்றியது? நல்லா வேணும் — அப்படித்தான். ஒரு நொடிதான். ஆனாலும் தோன்றியதே. சீ, நானெல்லாம் என்ன ஜென்மம்.

மத்தியானம் போட்ட பில் எல்லாவற்றிலும் 82105. நல்லவேளை, அனுப்புமுன் கண்ணில் பட்டது.

6.4.2005

நாளை மதுரை. சாயங்காலம் என் இடத்துக்கு வந்து நின்றாள். அவள் பில்லில் நோயாளிகளின் பெயர், முகவரி மட்டும் அடிக்கிறவள்; கோடு போடுவதில்லை.

"எக்கா, நீங்க எத்தனையோ பாத்திருப்பிய. 88269க்கு அப்புறம் என்ன கோடு வரும்?"

என்ன வரும்? ஒன்றும் வராது. எங்களுக்கு வருவது லேப் பில் மட்டும். சோதனை முடிந்தால் அந்தப் பெண்ணோடு எங்களுக்குப் பேச்சில்லை. பெற்றாளா, கலைத்தாளா — இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை.

"பிரசவக் கோடுதான் வரும்ட்டி. நான் பாத்திருக்கேம்லா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போனாள். எதற்கு அப்படிச் சொன்னேன்? பொய்யாகிவிட்டால் பிறகு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

9.4.2005

நீர் எடுத்தாகிவிட்டது. ரிசல்ட் வர மூன்று வாரம்.

14.4.2005

வருஷப் பிறப்பு. கோயிலில் எனக்கென்று வேண்டத்தான் கண்ணை மூடினேன். வாயில் வந்தது அவள் பிள்ளை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அத்தனை கோபம். சாமியிடம் என் முறையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

22.4.2005

இன்றைக்கும் வரவில்லை. இன்று என் பங்குக்கு எட்டு 88269. எட்டையும் போட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

29.4.2005

வந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

மாடிப்படியில் பானு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, நம்ம ஆபீசுக்கு லேப் பில்லு மட்டுந்தான் வரும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனாலும் நீங்க சொன்னதத்தான் தெனமும் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான், சத்தியமாக.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் அழுதேன். அது எனக்காக.