ஆயா என்று போட்ட சீட்டு

'அம்மா' என்று சொன்ன பிள்ளையை எல்லார் முன்னாலும் இல்லையென்று சொல்லிவிட்டோமே! கஸ்தூரிக்கு நெஞ்சு ஆறவில்லை. ஒல்லாந்தர் கோட்டையில், மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியிடம் எழுத்து வேலை பார்க்கும் அண்ணன் தருமலிங்கம் வருவதற்குள் ஓலை எடுத்து எழுதினாள்.

"அண்ணே, நண்டுக் குழம்பு உறியில் இருக்கிறது. அந்திரீஸ் துரை வந்தால் அவருக்கும் ஊற்று.

அவர் மனைவியாகக் கடல் கடந்து பத்தாவியா போக, ஞானஸ்நானம் பெற்று கும்பினி உத்தரவுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். தாயில்லாத அவர் பிள்ளைகளின் ஆயா என்றால் இந்தக் கப்பலிலேயே சீட்டு. 'ஆயான்னு எழுதினா இன்னா தேஞ்சா பூடுவே? அங்க போயி கட்டிக்கோ' என்றாய். தலையாட்டினேன்.

இன்று சீட்டு எழுதுகிறவர், 'இவ யாரும்மா?' என்று துரையின் சின்ன மகளைக் கேட்டார். 'அம்மா' என்றது. நான் பதறிப்போய், 'இல்லீங்க, ஆயாதான்' என்றேன். குழந்தை என் முந்தானையை விட்டுவிட்டுத் தன் அக்காள் பின்னால் போய் நின்றுகொண்டது. அதன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது."

ஓலை தீர்ந்தது. அடியில் நெருக்கி எழுதினாள்.

"ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்கப் பாதிரியாரிடம் போகிறேன். துரையும் பிள்ளைகளும் இந்தக் கப்பலில் முன்னால் போவதானால் போகட்டும். நாளை ஆயா சீட்டில் கையெழுத்துப் போட வரச் சொன்னாய். நான் வரவில்லை, அண்ணே."