கீழ் வீட்டு வாடகைக்காரி

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். மாடியில் இருப்பவருக்குக் கீழே இருப்பவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். நேற்று அண்ணியை அனுப்பி, "இந்த மாசத்தோட காலி பண்ணச் சொன்னாரு" என்று சொல்ல வைத்தீர்கள். அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. தையல் மிஷினைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். மிஷினுக்குக் காது கிடையாது அண்ணா.

இந்த முன் அறையில் தைத்துத்தான் நானும் என் மகளும் சாப்பிடுகிறோம். இங்கிருந்து கிளம்பினால் பழகின வாடிக்கைக்காரர்கள் என் பின்னாலேயே வருவார்களா? ஏன் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்கு நான் ஒரு நூல்கண்டைக்கூட நகர்த்த மாட்டேன்.

தங்கள் தங்கை

*

மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

வீட்டை விற்கப் போகிறேன். வாங்குகிறவர் ஆள் இல்லாத வீடாகக் கேட்கிறார். இதில் எழுத்து எதற்கு? நீ என்ன வாடகைக்காரியா? கூடப் பிறந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போய் நடுத்தெருவில் நின்றாயே, பாவம் என்று இடம் கொடுத்தேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறேன், அவ்வளவுதான். கோர்ட்டு, வக்கீல் என்று அலைந்து குடும்ப மானத்தைக் கப்பலேற்றாதே.

உன் நலம் நாடும் அண்ணன்

*

மார்ச் 9

அண்ணாவுக்கு,

அடேயப்பா, என்ன தாராள மனசு! பாவம் பார்த்துக் கொடுத்த இடமா இது?

மாதாமாதம் ஒன்றாம் தேதி நீங்கள் இறங்கி வருவீர்கள். எதிர்த்த கடை இஸ்திரிக்காரரையும் மளிகைக்கடைக்காரரையும் கைதட்டிக் கூப்பிடுவீர்கள். அவர்கள் எதிரில்தான் நான் வாடகையைக் கையில் வைக்க வேண்டும். "பாத்துக்கங்க, என் தங்கச்சி வாடகைக்குத்தான் இருக்கா. பங்கு கிங்குன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது!" அப்பா வீட்டை உங்கள் பெயருக்கு எழுதி வைத்தபோது நான் வாயைத் திறந்தேனா? இருந்தும் தெருவே பார்க்க என்னை நிற்க வைத்தீர்கள். உள்ளே போய் அழுதிருக்கிறேன்.

இலவச சட்ட உதவி மையத்துக்குப் போய் இதைச் சொன்னேன். வக்கீலம்மா சிரித்துவிட்டார். "உங்க அண்ணனே ஊரைக் கூட்டி உங்களை வாடகைக்காரி ஆக்கியிருக்காரு. இப்ப இல்லேன்னு எப்படிச் சொல்லுவாரு? முறையா நோட்டீஸ் வரட்டும். கோர்ட்டு சொல்லாம யாரும் உங்களை வெளியே அனுப்ப முடியாது. சாவியை மட்டும் கொடுத்துடாதீங்க" என்றார்.

கொடுக்க மாட்டேன்.

தங்கை

*

மார்ச் 15

மோட்டார் ரிப்பேர். கீழே தண்ணீர் வராது. எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது.

அண்ணன்

*

மார்ச் 16

அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் மாடியில் குளிக்கும் சத்தம் கீழே நன்றாகக் கேட்கிறது. ரிப்பேரான மோட்டார் தங்களுக்கு மட்டும் ஏற்றுகிறதோ? உங்கள் மருமகள் பள்ளிக்கூடம் போக முகம் கழுவத் தண்ணீர் இல்லை. தாய்மாமன் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளிக்கிறார். த்தூ!

தண்ணீரை நிறுத்தி ஆளை விரட்டப் பார்ப்பது குற்றமாம். வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்துவிட்டேன். இஸ்திரிக்காரரும் மளிகைக்கடைக்காரரும் சாட்சிக்கு வருகிறார்கள். அவர்களைத் தேடி நான் அலையவே இல்லை. அந்தப் புண்ணியம் உங்களுக்கே.

கீழ் வீட்டிலிருந்து

*

மார்ச் 20

என் செல்லத் தங்கைக்கு,

விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வந்ததிலிருந்து அண்ணிக்குப் பிரஷர். வீடு வாங்க வந்தவரும் பின்வாங்குகிறார். நமக்குள் என்னம்மா வீட்டுக்காரன், வாடகைக்காரி? சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவன் நான். விசாரணையில், "அண்ணன் வீட்டில் சும்மாதான் இருந்தேன், வாடகையெல்லாம் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. வேறு வீடு நானே பார்த்துத் தருகிறேன். மோட்டாரும் சரியாகிவிட்டது.

உன்னையே நம்பியிருக்கும் அண்ணன்

*

ஏப்ரல் 2

வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

நேற்றைய உத்தரவின் நகல் உங்களுக்கும் கிடைத்திருக்கும். வழக்கு முடியும் வரை என்னை யாரும் வெளியேற்றக் கூடாது, தண்ணீரையும் நிறுத்தக் கூடாது. விற்பதானால் நான் குடியிருக்கும் வீடாகவே விற்கலாம்.

விசாரணையில் இஸ்திரிக்காரர் உங்கள் குரலிலேயே எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் அந்த அதிகாரி அம்மா என்னிடம், "இவர் உங்களுக்கு யாரு?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரரு."

"வேற உறவு ஏதாவது?"

அப்போதுதான் நீங்கள் தலையைத் தூக்கினீர்கள். "வேற ஒண்ணும் இல்லைங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

பொய் சொன்னதாக எனக்கே தோன்றவில்லை. பஸ்ஸில் வரும்போது அதை நினைத்துத்தான் அழுதேன்.

வாடகை இனி உங்கள் பேங்க் கணக்குக்கு வந்துவிடும். நீங்கள் கீழே இறங்கி வர வேண்டாம்.

இப்படிக்கு,
கீழ் வீட்டு வாடகைக்காரி