டாக்டர் கெர்னோட்டின் இன்னொரு பெயர்

ஆகஸ்ட் 24, 1990

நாள் முழுக்க மழை. நேற்று ஒட்டிய சுவரொட்டிகளில் பாதி உரிந்துவிட்டது. நாளைக்கு மறுபடி ஒட்ட வேண்டும். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தபின் வரும் முதல் மாநிலத் தேர்தல், அக்டோபரில். கெர்னோட்தான் எங்கள் மாநிலத்தின் முதல் முதலமைச்சர் என்று மீன் கடையில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் குடும்ப டாக்டர், இருபது வருட நண்பன். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆர்னோ மட்டும் பிரசாரத்துக்கு வர மறுக்கிறான். சிறையிலிருந்து வந்ததிலிருந்து என் புருஷனுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது.

செப்டம்பர் 1

துறைமுகத்தில் கூட்டம். கெர்னோட் பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கியதும் ஒருவன் கை நீட்டினான். பழைய ஆட்சியின் ரகசியப் போலீஸ் அதிகாரி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகம். கெர்னோட் ஒதுங்கிப் போகப் பார்த்தான்.

"என்ன கொக்கு, தெரியாத மாதிரி போறே? எத்தனை வருஷம் ஒண்ணா காபி குடிச்சிருக்கோம்."

பத்திரிகைக்காரப் பெண் பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஆள் தெரியாமல் பேசுகிறார் என்று கெர்னோட் சிரித்துச் சமாளித்தான். ஆனால் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது.

கொக்கா?

செப்டம்பர் 2

ஒன்றும் இருக்காது. அந்த ஆள் குடித்திருப்பான்.

செப்டம்பர் 5

பத்திரிகையில் வந்துவிட்டது. அந்த அதிகாரி கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். 'கொக்கு' என்பது கெர்னோட்டுக்கு அவர்கள் வைத்த பெயராம். தன்னிடம் வரும் நோயாளிகள், நண்பர்கள் என்று ஒருவரையும் விடாமல் கெர்னோட் அவர்களிடம் வேவு சொல்லியிருக்கிறான். 1983இல் ரப்பர் படகில் டென்மார்க்குக்குத் தப்பப் பார்த்த ஒருவரைப் காட்டிக் கொடுத்ததும் அவன்தான். அந்த ஒருவரின் பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? படகு விஷயம் எங்கள் இருவரையும் தவிர கெர்னோட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆர்னோ உள்ளே இருந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேக்கோடு வந்து எனக்கு ஆறுதல் சொன்னானே. நானும் உக்காந்து தின்னேனே — சீ. 

செப்டம்பர் 6

கட்சி அலுவலகத்துக்குப் போய், இனி வரமாட்டேன் என்றேன். அவசரப்படாதே, அந்தக் காலத்தில் யார்தான் சுத்தம் என்றார்கள். அடுத்த மேசைக்காரிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கெர்னோட்டுக்காக.

ரொட்டிக் கடையிலும் அதே பேச்சு. பாவம் டாக்டர், எப்படி இளைத்துவிட்டார் என்கிறார்கள். பாவமாம்!

செப்டம்பர் 8

கெர்னோட் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். என்னைப் பார்க்கவில்லை, நேராக ஆர்னோவிடம் போனான். பத்திரிகைக்கு ஆர்னோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், கெர்னோட்டால் தனக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை என்று.

"நீ சொன்னா ஜனங்க நம்புவாங்க, ஆர்னோ. நான் சொல்லலன்னாலும் உன்னைக் கடல்லயே பிடிச்சிருப்பாங்க. சுட்டிருந்தாலும் சுட்டிருப்பாங்க. ஒரு வகையில நான் உன்னைக் காப்பாத்தினேன்."

கத்தியிருப்பேன். ஆர்னோ கையமர்த்தினான்.

"ஜெயில்லேருந்து வந்ததும் தூக்கம் வரலைன்னு உன்கிட்ட வந்தேன். உன் எதிர உக்காந்து அழுதேன். அதையும் அவங்ககிட்ட சொன்னியா?"



"சொன்னேன்," என்றான் கெர்னோட்.

ஆர்னோ எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான்.

அவன் போன பிறகு, அவன் உட்கார்ந்த நாற்காலியைத் தேய்த்துக் கழுவினேன். பைத்தியமா எனக்கு?

செப்டம்பர் 11

போட்டியிலிருந்து விலகிவிட்டான். உடல்நலக் காரணமாம். கடைசி வார்த்தையும் பொய்.

அக்டோபர் 14

தேர்தல் நாள். வாக்குச்சாவடிக்கு ஆர்னோவும் என்னோடு வந்தான். கெர்னோட்டுக்குப் பதில் கட்சி நிறுத்திய ஆள் தோற்றுவிடுவான் என்கிறார்கள். யார் வந்தால் என்ன.

திரும்பி வந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே சிறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. கிழங்கு வெந்து ஆறும்வரை பேசினான்.

அவன் சொன்னது எதையும் இங்கே எழுதப்போவதில்லை.