ஏழாம் எண்ணுக்கு என்ன போகிறது

மார்ச் 3, திங்கள்
எழுந்ததும் முதலில் செய்தது, நிக்கோலின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தது. பல்கூட விளக்கவில்லை. ஆய்வுக்கு வருகிற யாரோ பின்னிக் கொடுத்த மஞ்சள் ஸ்கார்ஃபோடு சிரிக்கிறாள். எனக்கு நாற்பத்தாறு வயது. வெட்கமாக இல்லையா?

காளானிலிருந்து எடுத்த சைலோசிபினை, போதை ஏறாத துளி அளவில், மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று காப்ஸ்யூல் அடைக்கும் எனக்கு மட்டும் தெரியும். அவர்களோடு பேசி, எவ்வளவு தேறினார்கள் என்று மதிப்பெண் போடுகிற நிக்கோலுக்குத் தெரியக்கூடாது. அவளுக்கு மனிதர்கள், எனக்குப் பூட்டிய அறை.

மார்ச் 6
ஏழாம் எண், சொர்ணம் அம்மா. கோலார் தங்கவயல் பக்கத்து மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் வருகிறவர். இரண்டு மாதம் முன்பு தலை நிமிரவே மாட்டார். இன்று நிக்கோலின் கன்னத்தைக் கிள்ளி, "நீ மட்டும் இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்டி" என்றார். பிறகு என்னிடம், "பாத்ரூம் எங்கம்மா இருக்கு?"

மார்ச் 11
ஆம்ஸ்டர்டாம் கருத்தரங்குக்கு நிக்கோல் போகிறாள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. என் பெயர் நன்றியுரையில்.

மார்ச் 12
வயிறு எரிகிறது. கேன்டீன் உப்புமாதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 13
டீ குடிக்கும்போது நிக்கோல் சொன்னாள்: "அக்கா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஆனா செவனுக்கு ரியல் டோஸ்தான், பெட் கட்டறேன்."

நான் சிரித்தேன். அவ்வளவுதான் — ஆனால் எப்படிச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியும். ஏழாம் எண்ணுக்குப் போவது மாவு. அவள் முகம் சுருங்கியது. எனக்கு — எழுதிவிடுகிறேன் — இனித்தது.

மார்ச் 20
சொர்ணம் அம்மா இன்று என் அறை வாசலில் வந்து நின்றார். "அந்தப் பொண்ணுக்கு எம்மேல என்ன கோவம்? நல்லா தூங்கறேன்னு சொன்னா, நெஜமாவான்னு மூணு வாட்டி கேக்குது. அப்ப நான் நல்லா இல்லையாம்மா?"

நல்லாத்தான் இருக்கீங்க என்று சொல்லக்கூட எனக்கு அனுமதி இல்லை.

மார்ச் 21
ஒரு சிரிப்பை யார் விசாரிக்கப்போகிறார்கள்? நிக்கோலும் வாய் திறக்க மாட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு
விதிமீறல் படிவத்தை நிரப்பினேன். ரகசியம் எப்படி வெளிப்பட்டது? 'மருந்தாளர் சிரித்தார்.' காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி, அடித்துவிட்டு, 'பொறாமை' என்று எழுதினேன்.

என்னை மாற்றிவிடுவார்கள். ஏழாம் எண்ணிடம் வேறு யாராவது பேசுவார்கள். நிக்கோலின் பயணம் தள்ளிப்போகலாம் — அது தெரிந்தும் கொடுக்கிறேனா, அதற்காகவே கொடுக்கிறேனா? தெரியவில்லை.

எதுவானாலும் நாளை காலை ஆய்வுத் தலைவர் டாக்டர் உமேஷின் மேசையில் வைத்துவிடுவேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.