கழற்றி வாங்கிய பனியன்

வடமதுரை,
27-2-1961

அன்புள்ள அத்தானுக்கு, சண்முகவள்ளி எழுதிக்கொள்வது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. அத்தைக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெள்ளைப் பசு கிடேரி ஈன்றிருக்கிறது. சுகம் அவ்வளவுதான். மற்றபடி எனக்கு உங்கள் மேல் கோபம். இன்லண்டில் இடம் போதாது என்று கவர் வாங்கி வந்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள்.

பெங்களூரிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி மனம் இறங்கிவிட்டார், பங்குனி உத்திரத்துக்குப் பாலசமுத்திரத்தில் நடக்கும் சடுகுடு போட்டிக்கு நம் ஊர்ப் பையன்களுக்குத் தங்கக் கெண்டைச் சுருட்டுக் கம்பெனியே மறுபடியும் பனியன் கொடுக்கும், நாற்பதையும் நீயே தைத்துவிடு, உன் தம்பியிடம் இத்துடன் இருக்கும் காகிதத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பு, இல்லாவிட்டால் என் வேலை நிலைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். காணும் பொங்கலன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பி பெருமாள்சாமி தோள் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குள் மை தீர்ந்துவிட்டதா?

நீங்கள் செய்த நல்லதை நான் மறைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் சடுகுடு ஆட எட்டுப் பேர் சேர்ந்தால் பெரிய காரியம். வேலையற்ற பயல்கள் மண்ணில் புரளுகிறார்கள் என்று ஊரே பேசியது. நீங்கள்தான் முதலாளி வீட்டு வாசலில் நாலு தடவை போய் நின்று கம்பெனியைக் கொண்டு வந்தீர்கள். பனியன் வந்தது, மைதானத்துக்குக் கயிறு வந்தது, வெளியூர் ஆட்டத்துக்கு வேன் வந்தது. சுற்றுப்பட்டிப் பையன்கள் எல்லாம் நடந்தே வந்து சேர்ந்தார்கள். பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்ற ஒச்சம்மாள் அக்காவே, என் மகனுக்கு எப்போது பனியன் தைப்பாய் என்று என்னிடம் வந்து கேட்டாள். மார்பில் கெண்டை மீன் வைத்து ஒவ்வொன்றையும் நான்தான் தைத்தேன். சந்தோஷமாகத்தான் தைத்தேன்.

அப்புறம்தான் உங்கள் முதலாளி ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். ஜெயித்த பையன்களுக்கு ஆளுக்கொரு சுருட்டுக் கட்டு. மூச்சை அடக்கி ஆடுகிற பிள்ளைகள் கையில் சுருட்டைக் கொடுக்கிறாரே, அந்த மனிதருக்கு மூளை எங்கே இருக்கிறது? நான் அன்றைக்கே உங்களிடம் கேட்டேன். சிரித்தீர்கள். அது போதாதென்று, பாடிப் போகிறவன் இனிமேல் 'சடுகுடு' என்று பாடக் கூடாது, 'தங்கக் கெண்டை, தங்கக் கெண்டை' என்றுதான் பாட வேண்டும் என்றார். ஜனங்கள் காதில் கம்பெனி பெயர் விழ வேண்டுமாம். நீங்களும் இதே மைதானத்தில் பாடிப் போனவர்தான். சடுகுடு என்றால் நாக்கு தானாக உருளும், மூச்சு மிச்சமாகும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள். அவரிடம் மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

காணும் பொங்கலன்று திண்டுக்கல்லில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் மறந்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். கடைசி ஆட்டம், இரண்டு பக்கமும் சமம். பெருமாள்சாமி தங்கக் கெண்டை பாடித்தான் போனான். மூன்று பேரைத் தொட்டான். திரும்புகையில் மூன்று பேரும் சேர்ந்து அமுக்கினார்கள். தோள் விலகியது அப்போதுதான். அந்த வலியில் அவன் வாய் தானாகச் சடுகுடுவுக்குப் போய்விட்டது. ஏழு வயதிலிருந்து பாடின பாட்டு, வேறு எது வரும்? பாடிக்கொண்டே இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டான். எடுத்த பாட்டை நடுவில் மாற்றினால் மூச்சு விட்டதாகத்தான் கணக்கு என்று நடுவர் அவுட் கொடுத்தார். நடுவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அது ஆட்டத்து வழக்கம்.

தோற்றதற்காகக்கூட முதலாளி கோபப்படவில்லை. இத்தனை ஜனம் பார்க்கிற நேரத்தில் என் கம்பெனி பெயரை வாயிலிருந்து துப்பிவிட்டான் என்றார். வேன் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லோரும் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தே ஊர் போய்ச் சேருங்கள் என்றார். பையன்கள் வரிசையில் நின்று கழற்றினார்கள். கூட்டம் சிரித்தது. ஒச்சம்மாள் அக்கா மகன் சடையாண்டி, பாவம், நாலாக மடித்துக் கொடுத்தான். பெருமாள்சாமியால் கையைத் தூக்க முடியவில்லை. அவர் ஆள் ஒருவன் பனியனைப் பிடித்து இழுத்தான், இவன் அலறினான். பெண்கள் பக்கம் இருந்த நான் கயிற்றைத் தாண்டிப் போய், பக்கத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். நான் போட்ட தையல், அத்தான்.

அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? முதலாளிக்குப் பக்கத்தில். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, வந்த பனியனுக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டு. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் பட்டியலைப் பார்த்தீர்கள். அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டீர்கள். எனக்கு முதலாளி மேல் இருக்கிற கோபம் கால்வாசி. முக்கால்வாசி உங்கள் மேல்தான்.

வியாபாரி பெயர் போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. சோடா கம்பெனி ஆரோக்கியதாஸ் போன வாரம் வந்திருந்தார். மைதானத்து ஓரம் ஒரு போர்டு வைத்துக்கொள்கிறேன், ஆட்டத்தன்று பிள்ளைகளுக்குச் சோடா என் பொறுப்பு என்றார். பையன்கள் சரி என்றார்கள், நானும் சரி என்றேன். அவர் யாருடைய வாயையும் கேட்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் காகிதத்தைப் பற்றிப் பேச எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். பனியன் போனதும் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டுப் பேர். உட்கார இடமில்லாமல் தொழுவம் வரைக்கும் நின்றார்கள். காகிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். ஆட்டம் தொடங்கினதிலிருந்து முடிகிற வரைக்கும் கம்பெனி பெயரையே பாட வேண்டும், தவறினால் பனியனைத் திருப்பித் தர வேண்டும் என்று போட்டிருந்தது. பெரிய பையன்கள் கையெழுத்தே வேண்டாம் என்றார்கள். வெறும் மேலோடு இறங்குவோம் என்றான் சடையாண்டி. எனக்கு மனசு குளிர்ந்தது.

எல்லோரும் போன பிறகு பெருமாள்சாமி என்னிடம் பேனா கேட்டான். எதற்கு என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் போட்டுத் தாரேங்க்கா. அம்புட்டுப் பயலும் பனியனுக்குத்தேன் வந்தான், இப்ப வெளையாட்டு பிடிச்சுப்போயி நிக்கிறான். பனியன் இல்லாட்டியும் வருவான். அதுக்கில்ல. மச்சான் வேலை போயிரும்ல."

எனக்கு வந்த கோபத்தில் அவனை நாலு வார்த்தை திட்டினேன். உன் கண் முன்னாலேயே பட்டியலில் கோடு போட்டவருக்காகவா என்று கேட்டேன். அவர் என்ன செய்வார், சம்பளக்காரர் என்றான். இன்னும் வலது கையால் சோற்றை அள்ளிச் சாப்பிட முடியாதவன் சொல்கிறான். திரும்பிக்கொண்டு அழுதேன். அவன் பார்க்கவில்லை.

காகிதத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லை. பேனாவை நான் கொடுக்கவில்லை. கம்பெனிக்கு ஒரு தையல்கூட இனிப் போட மாட்டேன். இதனால் உங்கள் வேலை போகும் என்று தெரிந்துதான் செய்கிறேன். போனால் போகட்டும். மிஷின் இருக்கிறது, வெள்ளைப் பசு இருக்கிறது, உங்களுக்கும் கை கால் இருக்கிறது. பட்டினி கிடக்க மாட்டோம்.

அவன் கையெழுத்து வேண்டுமென்றால் தபாலில் கேட்காதீர்கள். நேரில் வந்து, அவன் தோளைப் பார்த்து, அவன் முகத்துக்கு நேரே கேளுங்கள். கேட்டால் கட்டாயம் போடுவான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

பங்குனி உத்திரத்தன்று பிள்ளைகள் பாலசமுத்திரத்தில் இறங்குகிறார்கள். தம்பி ஆட முடியாது, கோட்டுக்கு வெளியே நிற்பான். பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். முருகன் உங்களுக்கு நல்ல புத்தியையும் நல்ல சுகத்தையும் கொடுக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். பெங்களூர்க் குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு அலையாதீர்கள்.

அவன் இன்னும் உங்களை மச்சான் என்றுதான் சொல்கிறான். அந்தச் சொல் அவன் வாயில் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சண்முகவள்ளி